தோப்பி எங்கே போயிற்று?

தமிழ்க் கதைகளில் குடிகாரனுக்குக் குறைவே இல்லை. அந்தி மயங்கும் நேரத்தில் தள்ளாடிக்கொண்டு வருவான். தெருமுனையில் நின்று யாரையோ ஏசுவான். வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்டாட்டியை அடிப்பான். குழந்தை மூலையில் ஒடுங்கிக்கொண்டு அழும். மறுநாள் காலையில் பித்தளைக் குடம் அடகுக் கடைக்குப் போகும். கதை முடிவதற்குள் அவன் திருந்துவான், அல்லது செத்துப்போவான். இந்த மனிதனை நாம் எத்தனையோ கதைகளில் சந்தித்தாயிற்று. அவன் என்ன குடித்தான் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் கிடைக்காது. பனங்கள்ளா, தென்னங்கள்ளா, பட்டைச் சாராயமா, கடைச் சரக்கா? அதை எதிலிருந்து எடுத்தார்கள், எந்தக் கை அதைச் செய்தது, அதன் வாசனை எப்படி? ஆசிரியருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நம் கதைகளில் குடிகாரன் இருக்கிறான். அவன் குடிக்கும் பொருள் இல்லை.

இதைப் பெரிய குறையாகச் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். குடியே கெடுதல், அதில் வகை பார்ப்பானேன் என்பது அவர்கள் கட்சி. நான் குடியை ஆதரித்து எழுத வரவில்லை. அவிநாசியில் இருந்துகொண்டு அப்படி எழுத மனம் வராது. இங்கே சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் சம்பள நாள். அந்தக் கூலியில் எவ்வளவு வீடு வந்து சேர்கிறது என்ற கவலையோடு எத்தனை பெண்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. என் வழக்கு இலக்கியத்தைப் பற்றியது. ஒரு பொருளைக் கண்ணால் பாராமல், கையால் தொடாமல், பெயரைக் கூட விசாரிக்காமல் அதற்குத் தீர்ப்பு எழுதுகிற வழக்கம் எழுத்தாளனுக்கு ஆகாது. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த எழுத்து சோடையாகத்தான் போகும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் அதற்கு ஒரு கௌரவமான காரணம் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நடத்திவந்த ராஜாஜி, 1929-ல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். கல்கி அங்கே அவருக்கு உதவியாக இருந்தார். அதற்காகக் கதைகளும் எழுதினார். 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது அந்தப் பிரசாரத்துக்குப் பலன் கிடைத்தது. ஏழைக் குடும்பங்கள் அழிவதைக் கண்ணெதிரே கண்டவர்கள் அவசரமாக எழுதியவை அவை. அவசரத்துக்குச் செய்த கருவியைக் கலையின் இலக்கணமாக நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பதுதான் பின்னால் நேர்ந்த பிசகு. அன்று பாத்திரமாக இருந்த குடிகாரன் பிறகு அச்சாகிவிட்டான். கதையிலிருந்து நாடகத்துக்கும், நாடகத்திலிருந்து சினிமாவுக்கும் அதே அச்சுப் போயிற்று.

தமிழுக்கு இது பிறவிக் குணமா? பத்துப்பாட்டில் நாலாவது பாட்டான பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய 500 அடிப் பாட்டு அது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனிடம் காஞ்சிக்குப் போகும் பாதையைச் சொல்கிறான். எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். அதில் 'தோப்பி' என்று ஒரு சொல் வருகிறது. நெல்லால் வீட்டிலேயே சமைத்த கள் என்று உரைகாரர் பொருள் சொல்வார். பனைமரமும் தென்னைமரமும் இதில் சம்பந்தப்படவில்லை. தானியத்தை முளைகட்டிப் புளிக்கவைத்துச் செய்வதால் வெள்ளைக்காரன் 'பீர்' என்று சொல்லும் ஜாதியைச் சேர்ந்தது.

பாட்டில் இன்னும் சற்றுத் தள்ளி, வலைஞர் குடியிருப்பில் இப்படி ஒரு பானம் தயாராகும் விதத்தைப் புலவர் எட்டே அடிகளில் சொல்லிவிடுகிறார். அவர் சொல்லும் வரிசையை என் வசனத்தில் தருகிறேன். குற்றித் தீட்டாத அரிசியைக் குழைய வேகவைத்துக் கூழாகத் துழாவ வேண்டும். அதை அகன்ற வாயுள்ள பிழா என்னும் தட்டில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். ஆறிய பிறகு நல்ல அடையைச் சேர்த்துப் பிசைய வேண்டும். இந்த அடைக்கு நெல்முளை என்று உரையில் பொருள் சொல்லப்படுகிறது. அப்போது அதில் இனிப்பு ஏறும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். கெட்டியான வாயுடைய சாடியில் பச்சை வாடை போக அது விளைய வேண்டும். பிறகு விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அந்தப் பிழிவும் சுட்ட மீனுமாக நடந்து களைத்த பாணனுக்குக் கிடைக்கும்.

சாதாரணமாக நம் பண்டிதர்கள் இந்த இடத்தைப் பதவுரை சொல்லிக் கடந்துவிடுவார்கள். நயம் பாராட்டுகிறவர்களும் புற்று உவமையைத்தான் சுட்டுவார்கள். பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் கறையான் கட்டிவைக்கும் குரும்பியைப் போல அந்த அடை இருக்குமாம். புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கடற்பஞ்சு மாதிரி துளைதுளையாக, தொட்டால் உதிர்கிற ஒரு பொருள், இதைத்தான் புற்றாஞ்சோறு என்கிறார்கள். முளைவிட்ட நெல்லும் வேரோடு வேர் பின்னிக்கொண்டு இப்படித்தான் அடையாகத் திரளும். உவமை கண்ணுக்கு நேராக இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அந்த வினைச்சொற்களின் வரிசை. அது சரியா, இல்லை பாட்டுக்காகக் கோத்ததா? சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இன்று உலகத்தில் தானியத்தைக் கொண்டு வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஏராளம். அவர்களில் கோதுமை பீர் காய்ச்சுகிறவர்களின் முறையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கோதுமையை நனைத்து முளைகட்டி உலர்த்தி உடைத்து வைத்துக்கொள்கிறார்கள். இதற்குத்தான் 'மால்ட்' என்று பெயர். நம் வீடுகளில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச ராகியை முளைகட்டுவதும் இதே காரியம். அதையும் 'ராகி மால்ட்' என்றே சொல்கிறோம். முளைக்கும் தானியத்தில் மாவைச் சர்க்கரையாக மாற்றும் ஒரு சத்து பிறக்கிறது. உடைத்த மால்ட்டைச் சுமார் 65 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் நீர் தித்திக்க ஆரம்பிக்கும். அதை வடித்து, ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் சில நாட்களில் பீர் ஆகிவிடும். சூடு 80 டிகிரிக்கு ஏறினால் அந்தச் சத்துச் செத்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் கூழ் கூழாகவே கிடக்கும்.

கோதுமை மாவு 65 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். ஆகவே அதைத் தனியாக வேகவைக்க வேண்டியதில்லை. அரிசி அப்படி அல்ல. அரிசி மாவு பெரும்பாலும் அதைவிட அதிகச் சூட்டில்தான் குழையும். அதனால் அரிசியை முதலில் வேகவைத்தே ஆக வேண்டும். வெந்ததை ஆறவிட்ட பிறகுதான் முளையைச் சேர்க்க வேண்டும். சுடச்சுடச் சேர்த்தால் காரியம் கெட்டுப்போகும். உருத்திரங்கண்ணனார் வேகவைக்கிறார், அகன்ற தட்டில் ஆற்றுகிறார், அப்புறம் அடையைக் கலக்கிறார். கலந்தவுடன் இனிப்பைச் சொல்கிறார். இந்த இனிப்பு பாட்டில் இருக்கும் இடம்தான் முக்கியம். முளை கலந்த பிறகும், புளிப்பு ஏறுவதற்கு முன்பும், இடைப்பட்ட கொஞ்ச நேரம் அந்தக் கூழ் தித்திக்கும். பக்கத்தில் நின்று விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவனுக்கே அது தெரியும். முதிராத பீரை வெள்ளைக்காரர்களும் 'பச்சை' என்றுதான் சொல்கிறார்கள். நம் புலவர் அந்தப் பச்சைத்தன்மைக்கு 'வழைச்சு' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார். ரஸாயனம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மீனவக் குடிசையின் அடுப்பங்கரையில் நடப்பது தம் கவனத்துக்கு உரியது என்று அவர் நினைத்தார். அதனால்தான் அந்த எட்டு அடிகளில் எதையும் இடம் மாற்றி வைக்க முடியவில்லை.

சொல் விஷயத்துக்கும் வருவோம். கோதுமை பீர் என்றால் அது ஒரே சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் பவேரியாக்காரர்களின் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, அந்த மணம் ஈஸ்ட்டின் வேலை. மண்டியோடு கலங்கலாக ஊற்றினால் அதற்கு 'ஹெஃபெவைஸன்' என்று பெயர். அதையே தெளிய வடிகட்டினால் 'கிறிஸ்டல்வைஸன்'. பெர்லினில் செய்வது மோர் போலப் புளிக்கும். லைப்ஸிக் நகரத்து 'கோஸ'வில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும். பெல்ஜியத்தின் 'விட்' பீரில் முளைகட்டாத பச்சைக் கோதுமையோடு கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்டு. போலந்தில் கிரோஜிஸ்க் என்ற ஊரின் பீருக்கு, ஓக் விறகின் புகையில் உலர்த்திய கோதுமை. கோதுமைக்கு உமி இல்லாததால் வடிக்கும்போது கூழ் அடைத்துக்கொள்ளும். அதற்காக வீட்டில் காய்ச்சுகிறவர்கள் நெல் உமியை வாங்கிக் கலக்கிறார்கள். நாம் அடுப்பில் போடும் உமிக்கு அங்கே இப்படி ஒரு மரியாதை.

இத்தனை பெயர்களும் செய்முறையிலிருந்தோ ஊரிலிருந்தோ பிறந்தவை. பழந்தமிழிலும் இதே நியாயம்தான். அரிக்கப்பட்டது அரியல். பிழியப்பட்டது பிழி. தெளிந்தது தேறல். மணப்பது நறவு. வீட்டில் நெல்லால் சமைத்தது தோப்பி. ஹெஃபெவைஸனுக்கும் கிறிஸ்டல்வைஸனுக்கும் உள்ள வித்தியாசம் பிழிக்கும் தேறலுக்கும் உண்டு. இன்று இவை எல்லாம் அகராதியில் 'கள்' என்ற ஒரே பொருளோடு வரிசையாகப் படுத்திருக்கின்றன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை 'ஒருபொருட் பன்மொழி' என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறான். பொருள்கள் பலவாக இருந்ததால்தான் சொற்களும் பலவாக இருந்தன என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. பொருள் மறைந்தால் சொல் செத்துப்போகும். சொல் செத்த பிறகு எழுத்தாளன் கையில் மிஞ்சுவது 'குடி' என்ற ஒரு மொட்டை வார்த்தை.

சட்டம் வந்தால் இப்படித்தான் ஆகும் என்று சமாதானம் சொல்லலாம். சட்டம் அங்கேயும் வந்தது. பவேரியாவில் 1516-ல் பிறந்த கட்டளை, பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது என்றது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பிறகு கோதுமை பீர் காய்ச்சும் உரிமை ஒரு பிரபுக் குடும்பத்தின் தனிச்சொத்தாக இருந்தது. 1602-ல் அந்த வம்சம் அற்றுப்போகவே உரிமை நாட்டை ஆண்ட மாக்ஸிமிலியன் கோமகனிடம் போயிற்று. அரண்மனைக்கு அதில் நல்ல வருமானம். மோகம் குறைந்து அது நலிந்துபோன காலத்தில், 1872-ல், கியோர்க் ஷ்னைடர் என்பவர் உரிமையை அரசரிடமிருந்து பெற்று அதைக் காப்பாற்றினார். பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்ற சிற்றூரின் கடைசிக் கோதுமை பீர்க் கூடம் 1950-களில் மூடப்பட்டது. சிறு வயதில் அங்கே எடுபிடி வேலை செய்திருந்த பியேர் செலிஸ் என்ற பால்காரர் 1966-ல் அதை நினைவிலிருந்து மீட்டார். கிரோஜிஸ்க் ஊர்க் கூடம் 1993-ல் நின்றுபோனது. அந்த முறை அழியாமல் இருக்கப் பாடுபட்டவர்கள், வீட்டில் காய்ச்சும் போலந்துக்காரர்களே. சட்டமும் வியாபாரமும் நசுக்கிய பிறகும் யாரோ ஒருவர் செய்முறையை ஞாபகம் வைத்திருந்தார்.

இன்னொரு உதாரணம் நமக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது ஒரு பாட்டு சம்பந்தப்பட்டது. சுமேரியர்களுக்கு நின்காஸி என்று பீருக்கு ஒரு தெய்வம் உண்டு. அவள்மேல் கி.மு. 1800-ஐ ஒட்டிக் களிமண் பலகையில் எழுதிய துதி கிடைத்திருக்கிறது. அதில் தானியத்தை நனைத்து முளைகட்டுவதும், வெந்த கூழைப் பெரிய நாணற்பாய்களில் பரப்பி ஆறவிடுவதும் வருகின்றன. நம் பிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். மிகுவேல் சிவில் என்ற அறிஞர் 1964-ல் அதை மொழிபெயர்த்தார். 1989-ல் சான்பிரான்ஸிஸ்கோவில் ஆங்கர் பீர்க் கூடத்தார், சாலமன் காட்ஸ் என்ற மானிடவியல் அறிஞரோடு சேர்ந்து, அந்தத் துதியை வைத்துக்கொண்டு பீர் காய்ச்சிப் பார்த்தார்கள். உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டது 1889-ல். அவருடைய உழைப்பால் பாட்டு நம் கைக்கு வந்தது. பொருள் தெரிந்துகொண்டோம், பாட்டில் ஒரு காரியம் நடக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறினோம்.

காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் அது குற்றம். 1987 முதல் கள் இறக்குவதற்கே தடை இருக்கிறது. கடைகளை 2003 முதல் சர்க்காரின் டாஸ்மாக்கே நடத்துகிறது. இந்த முரணைப் பற்றி எங்கள் கொங்கு நாட்டு விவசாயிகள் வெகு காலமாகக் குரல் எழுப்பி வருகிறார்கள். அது அரசியல்வாதிகள் தீர்க்க வேண்டிய வழக்கு. ஆனால் பொருளை வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத சமூகத்துக்கு நேர்வதை எழுத்தாளன் கவனிக்காமல் இருக்க முடியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டார்கள். தானியம் புளித்து வந்த சரக்கு அல்ல அது, தொழிற்சாலை விஷம். செய்திகளிலும் பேச்சுகளிலும் அதுவும் 'குடியால் வந்த சாவு' என்ற ஒரே கணக்கில் எழுதப்பட்டது. கொன்றது என்ன என்பதையே ஒரு பொதுச்சொல் மூடிவிட்டது. விற்றவன் செய்த கொலை, குடித்தவனின் ஒழுக்கக் கேடாகப் பேசப்பட்டது. பெயர் தப்பினால் நியாயமும் தப்பும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் பழம்பெருமை பாடுவதாகவும் யாரும் எண்ண வேண்டாம். பெரும்பாணாற்றுப்படை தோப்பியைப் புனிதப்படுத்தவில்லை. பகைவர் நாட்டில் புகுந்து ஆநிரையைக் கவர்ந்து, அதைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்த்து, பிறகு வீட்டுத் தோப்பியையும் குடித்துவிட்டுப் பட்டப்பகலில் கூத்தாடுகிறவர்களையும் அதே புலவர் காட்டுகிறார். அங்கே கொள்ளைக்காரனின் களிப்பு. வலைஞர் வீட்டில் வழிப்போக்கனுக்கு உபசாரம். அகநானூற்றில் நடுகல்லுக்குப் படையலாகத் தோப்பி வருகிறது. பின்னால் வள்ளுவர் வந்து 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே செய்தார். இவர்கள் யாரும் ஒருவரை ஒருவர் பொய்யாக்கவில்லை. உருத்திரங்கண்ணனார் குடத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல், குடத்தை ஏந்திய மனிதனைப் பார்த்தார். நாவலாசிரியனுக்கும் அதுதானே தொழில்?

தோப்பியின் செய்முறை முழுவதும் அழிந்துவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அவிநாசிப் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் இன்றும் ராகியை முளைகட்டுகிறார்கள். கம்பை இடித்துக் களி கிண்டி, ஆறவைத்து, இராத்திரி முழுவதும் வைத்திருந்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் கூழாகக் குடிக்கிறார்கள். வேகவைத்தல், ஆற்றுதல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் எல்லாம் இருக்கின்றன. ஈஸ்ட்டின் வேலை ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். இரண்டாயிரம் வருஷத்துக் கைப்பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. இதைக் கதையில் எழுதியவர்கள் மிகச் சிலர்.

ஆகவே நம் எழுத்தாளர்களிடம், என்னையும் சேர்த்துத்தான், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி ஒரு குடிகாரனைப் பற்றி எழுதும்போது அவன் பெண்டாட்டியின் கண்ணீரை எழுதுங்கள். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடு அவன் குடித்தது என்ன, அதை யார் செய்தார்கள், யார் விற்றார்கள், யாருக்கு லாபம், அது நாக்கில் எப்படி இருந்தது என்பதையும் விசாரித்து எழுதுங்கள். கண்ணீருக்குக் காரணமானவர்களில் பாதிப் பேர் அந்த விசாரணையில்தான் அகப்படுவார்கள்.